புளிய இலையின் தடிமன்

பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே பட்டுச்சேலைகளின் மடிப்புக்கூடக் கலையவில்லை. சிவப்புக்கல் அட்டிகையைச் சுற்றி வைத்திருந்த மஞ்சள் துணி மட்டும் தட்டையாகக் கிடந்தது.

1937, வைகாசி மாதம். திருச்செங்கோட்டுத் தேர் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வண்டியில் திரும்பிய செல்லாயி, போட்டிருந்த நகைகளைக் கழற்றி வைக்கப் பெட்டியைத் திறந்தபோது மணி எட்டு. அட்டிகையை அவள் தேருக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. கூட்டத்தில் எவனாவது அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். பத்திரம் இந்த லட்சணத்தில் இருந்தது. அடுத்த வாரம் மகளுக்கு நிச்சயம். அன்று மகள் கழுத்தில் ஏற வேண்டிய நகை அது.

சாவி எப்போதும் போல் சாமி படத்துக்குப் பின்னால் தொங்கியது. வீட்டுக்காரர் தங்கசாமி அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். பிறகு மீண்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இனி அதை எங்கே வைத்தால் என்ன?

சங்ககிரிச் சாலையில், திருச்செங்கோட்டிலிருந்து நாலு மைலில் இருந்தது தங்கசாமியின் தோட்டம். தேரன்று அங்கே ஈ காக்கை கிடையாது. காவல்காரன் முதல் மாடு மேய்ப்பவன் வரை எல்லோரும் தேருக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் தோட்டத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவன் கந்தப்பன். இன்னொருத்தி அத்தாயி.

இவர்கள் இருவருக்கும் அங்கே என்ன வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். இலைகளின் தடிமனை அளப்பது.

சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் காளியப்பன், தங்கசாமிக்குத் தூரத்து உறவு. கோடை விடுமுறைக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. மழை பொய்க்கிற சீமையில் எந்தச் செடி தாக்குப்பிடிக்கும் என்பதை இலையின் தடிமனே சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. அதற்காக ஸ்க்ரூ கேஜ் என்ற கருவியை உடன் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் எஃகு வளைவு. அதன் வாயில் இலையை வைத்துத் திருகினால் தலைமயிரின் கனத்தைக்கூடக் கணக்காகச் சொல்லிவிடும். வேம்பு, ஆல், அரசு, நொச்சி, எருக்கு, ஆமணக்கு, வாழை, வெற்றிலை, கற்றாழை, புளி, ஆவாரை, அகத்தி என்று பன்னிரண்டு வகை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு மரத்தில் பறிக்க வேண்டும். பறித்த இடத்திலேயே, வாடுவதற்குள் அளக்க வேண்டும். அளந்த தடிமனைக் கற்பலகையில் எழுதிவிட்டு, இலையை மைஒற்றுத் தாளுக்கு நடுவில் வைத்துப் பலகையும் கல்லும் ஏற்றி அமுக்க வேண்டும். மரத்துக்கு மரம் நடந்து செய்தால் மத்தியானம் முழுவதையும் விழுங்கிவிடுகிற வேலை.

அளப்பதற்குச் சேலத்திலிருந்து கந்தப்பனைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார். வெளுத்த சட்டை, வகிடு எடுத்த தலை, நல்ல கையெழுத்து. வந்து இரண்டு மாதமாக வெளி அறையில் தங்கி, வீட்டிலேயே சாப்பிடுகிறான். இலை பறித்துக் கொடுக்க, தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அத்தாயி.

தேரன்று காளியப்பனையும் உறவுக்காரர்கள் விடாமல் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அன்றைய அளவைக் கந்தப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் வழக்கம் போல் இரண்டு இலைகளை உருவித் தானே அளந்து பார்த்தார். எருக்கும் வேம்பும் பலகையில் எழுதியிருந்தபடியே இருந்தன. பன்னிரண்டு வகையும் முடிந்திருந்தது. ஆகவே கந்தப்பன் மத்தியானம் முழுவதும் வேலையை விட்டு நகர்ந்திருக்க முடியாது என்று தங்கசாமி முடிவு கட்டினார். அப்புறம் மிச்சம் யார்?

மறுநாள் விடிந்ததும் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, அத்தாயி குடியிருக்கும் கூலிக்காரர்களின் வளவுக்குப் போனார். தெரு முனையில் நின்றபடியே ஆட்களை உள்ளே விட்டார். அடுக்குப் பானைகள் தெருவுக்கு வந்தன. கூரையில் செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கிப் பார்த்தார்கள். அட்டிகை இல்லை. "திருடி" என்று தங்கசாமி சொன்ன சொல் மட்டும் அந்தத் தெருவில் எல்லோர் காதிலும் விழுந்தது.

காலை பத்து மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஆள் கொஞ்சம் பருமன். சைக்கிள்தான் பாவம். மோர் வாங்கிக் குடித்தார். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தார். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்.

பூட்டில் கீறல் இல்லை. சாவி இருக்கும் இடம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றாள் செல்லாயி. அத்தாயிக்குத் தெரியுமா என்றதற்கு அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் அத்தாயி புழக்கடை தாண்டி வந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னாள். தங்கசாமி முகத்தைச் சுளித்தார்.

அத்தாயி வேப்பமரத்தடியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அழுது முடித்த முகம். சென்னியப்பன் எதிரில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"நேத்து மத்தியானம் எங்கம்மா இருந்தே?"

"எலை பறிக்கலாம்னு கூடையெடுத்துட்டு வந்தேனுங்க சாமி. அந்தத் தம்பிதான் இன்னிக்கு வேண்டாம், நீ போயித் தேரு பாருன்னு சொல்லிச்சுங்க. நானும் போயிட்டனுங்க."

"ஒரு எலைகூடப் பறிக்கலையா?"

"இல்லீங்க."

"போறப்ப உன்னை யாரு பாத்தா?"

"வழியில ஒருத்தரும் இல்லீங்க. எல்லாரும் வெடியாலயே போயிட்டாங்க. திரும்பி வாரப்பத்தான் பொழுது உழுகுற நேரத்துல பண்ணாடி வண்டி வந்துச்சு. ஆத்தாதான் ஏறிக்கன்னு சொல்லிப் பின்னால உக்கார வெச்சாங்க."

அது உண்மை என்று செல்லாயியே சொன்னாள். பொழுது விழும்போது, இரண்டு மைலுக்கு அப்பால், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் அத்தாயியை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வீடு வந்து சேரும்வரை அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்குச் சாட்சி இல்லை.

"ஜெயிலுக்குப் போறது எனக்குப் பயமில்லீங்க சாமி," என்றாள் அத்தாயி. "திருடின்னு பேரு வெச்சுட்டாங்க. இனி எந்தத் தோட்டத்துல என்னைய உள்ள உடுவாங்க? எம்புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

சென்னியப்பன் எழுந்து, கந்தப்பன் தாள்களை அடுக்கி வைத்திருந்த மேஜைப் பக்கம் போனார்.

கந்தப்பன் எழுந்து நின்று நாற்காலி போட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

"நேத்து எங்க இருந்தீங்க தம்பி?"

"இங்கேதான் சார். மத்தியானத்திலிருந்து நாலு மணி வரை அளவு. அப்புறம் அறையில் படுத்துவிட்டேன்."

"பறிச்சது?"

"அத்தாயிதான். ஒவ்வொன்றையும் அவள்தான் பறித்துக் கொடுத்தாள்."

"பன்னண்டு வகையும்?"

"பன்னிரண்டும் சார்."

"எல்லாம் நாலு மணிக்குள்ள?"

"ஆமாம் சார். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று புழக்கடைப் பக்கம் போனாள். வர நேரமாயிற்று. எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. நாலு மணிக்குத் தேருக்குப் போய்விட்டாள்."

"நீங்க உங்க கையால ஒரு எலைகூடப் பறிக்கலையே?"

"இல்லை சார். பறிப்பது என் வேலை இல்லை."

சென்னியப்பன் தலையாட்டிக்கொண்டார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் காளியப்பன் கற்பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். வீட்டில் நகை போன துக்கம் அவர் முகத்தில் துளியும் இல்லை. அதற்காக அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். மனிதருக்கு உலகம் முழுவதும் இலைதான்.

"இன்ஸ்பெக்டர், உங்களுக்கு அவசரமில்லை என்றால் ஒரு தந்தி கொடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா? இதைப் பாருங்கள். இரண்டு மாதமாகப் புளிய இலை ஒரே தடிமன். நேற்று அது இரட்டிப்பு. சரியாக இரட்டிப்பு."

"கருவி கெட்டிருக்குமோ என்னமோ?"

"கெட்டால் எல்லா இலையும் அல்லவா கூட வேண்டும்? வேம்பு அப்படியே இருக்கிறது. எருக்கு அப்படியே இருக்கிறது. கற்றாழை, வாழை, வெற்றிலை எதுவும் மாறவில்லை. மூன்றே மூன்று செடிதான் தடித்திருக்கின்றன. புளி, ஆவாரை, அகத்தி. போன வாரம் பெய்த மழையின் வேலையாக இருக்கலாம். இதை உலகத்தில் யாரும் சொன்னதில்லை."

சென்னியப்பன் பலகையை வாங்கிப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"இத்தனை அளவும் பகல்லயேதான் எடுப்பீங்களா?"

காளியப்பன் அலுத்துக்கொண்டார். மாலையிலும் எடுக்க அவருக்கு ஆசைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் ஒருவரும் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக்கூடக் கிள்ளித் தரமாட்டார்கள். தூங்குகிற செடியை எழுப்பக்கூடாதாம். முதல் வாரத்தில் அத்தாயியிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரோடு ஒத்துப்போவோம் என்று அவரும் விட்டுவிட்டார். அதனால் இரண்டு மாதமாக வேலை முழுவதும் வெயிலில்தான்.

"தந்தி நாளைக்குக் குடுத்துக்கலாமுங்க," என்றார் சென்னியப்பன்.

மத்தியானச் சாப்பாடு பலமாக இருந்தது. சாப்பிட்டவர் புளியமரத்தடியில் கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்துவிட்டார். புளியமரத்தடியில் படுத்தால் பேய் அடிக்கும் என்று ஒரு ஆள் சொல்லிப் பார்த்தான். ஸ்டேஷனில் தினமும் பார்க்காத பேயா என்று அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு முன் ஒருமுறை மேலே பார்த்தார். அடர்ந்த நிழல். ஒரு பொட்டு வெயில் கீழே இறங்கவில்லை.

போலீஸ்காரர் தூங்குவதைப் பார்த்துத் தங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் அத்தாயியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவில்லை என்றால் மேலதிகாரியையே பார்க்கப்போவதாகச் சத்தம் போட்டார். குறட்டைதான் பதிலாக வந்தது. அத்தாயி வேப்பமரத்தடியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செல்லாயி கொடுத்தனுப்பிய சோற்றைத் தொடவில்லை.

சென்னியப்பன் கண் விழித்தபோது சூரியன் மேற்கே இறங்கிவிட்டிருந்தது. எழுந்திருக்காமல் மல்லாந்து கிடந்து மரத்தையே பார்த்தார். மத்தியானம் அடைத்துக்கொண்டிருந்த மரத்தில் இப்போது கிளைகளுக்கு நடுவே நிறைய வானம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவர் தனக்குள் சிரித்துக்கொண்டு எழுந்தார். மேஜைக்குப் போய், அமுக்கி வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். நேற்றைய தாளையும் அதற்கு முந்தின நாட்களின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். அத்தாயியையும் வரச் சொன்னார்.

எல்லோரும் புளியமரத்தடியில் கூடினார்கள். செல்லாயி லாந்தரோடு வந்தாள்.

"தம்பி கந்தப்பா, ஒரு உதவி பண்ணுங்க," என்றார் சென்னியப்பன். "நீங்க பறிக்க வேண்டாம். பறிக்கிற பாவம் எனக்கே இருக்கட்டும்." கையை உயர்த்தித் தாழ்ந்த கிளையில் ஒரு கொத்தை ஒடித்தார். "இதை அளந்து சொல்லுங்க."

கந்தப்பன் கருவியை எடுத்தான். லாந்தர் வெளிச்சத்தில் கொத்தைப் பிடித்தவன், அப்படியே நின்றுவிட்டான். இந்த முறை அவன் இலையைப் பார்த்தான்.

"என்ன தம்பி, அளக்கலையா? குடுங்க, வாத்தியார் அளக்கட்டும்."

காளியப்பன் வாங்கினார். கொத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அடுத்த நிமிடம் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். பகலில் எதிரும் புதிருமாக விரிந்து கிடக்கும் சிற்றிலைகள் எல்லாம் இப்போது ஜோடி ஜோடியாக, கும்பிட்ட கைகள் போல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடியைக் கருவியின் வாயில் வைத்துத் திருகினார்.

"இரட்டிப்பு," என்றார் ஈனசுரத்தில். "நேற்று எழுதிய அதே அளவு. புளியும் ஆவாரையும் அகத்தியும் அந்தியில் இலை மூடும். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லித் தருகிறேன். கண்டுபிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை."

"ஒரு சந்தேகம். பகல்ல பறிச்சதும் வாடி இப்படி மூடியிருக்காதா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

வாடினால் மூடும்தான், ஆனால் அதற்கு நேரமாகும், பறித்த கையோடு அளந்து அமுக்கிவிட்டால் விரிந்தபடியேதான் இருக்கும் என்றார் காளியப்பன். சென்னியப்பன் தாள்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டு மாதத்துப் புளிய இலைகளும் ஒவ்வொரு நாளும் விரிந்து தட்டையாக அமுங்கியிருந்தன. நேற்றைய தாளில் மட்டும் மூன்று செடிகளின் இலைகளும் மூடியபடி இருந்தன. வேம்பும் எருக்கும் மூடாத சாதி. அதனால் அவை தப்பித்துக்கொண்டன.

"ஆகக்கூடி, நேத்து எலை பறிச்சது பொழுது சாஞ்ச பொறகு," என்றார் சென்னியப்பன். "பொழுது சாஞ்சப்ப அத்தாயி ரெண்டு மைலுக்கு அந்தாண்ட இந்த ஊட்டு வண்டியில உக்காந்திருந்தா. ஊட்டுக்காரங்களே சாட்சி. அப்ப இந்த எலையெல்லாம் ஆரு பறிச்சது? நாலு மணிக்குள்ள அத்தாயி கையால பறிச்சுக் குடுத்தான்னு ஆரு சொன்னது?"

எல்லோரும் கந்தப்பனைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் தம்பி. அத்தாயியை மத்தியானமே போகச் சொல்லிட்டீங்க. சாவி இருக்குற எடம் ரெண்டு மாசமா இந்த ஊட்டுல சாப்பிடுற உங்களுக்குத் தெரியும். அட்டிகையை எடுத்துட்டு வெளிய போனீங்க. திரும்பறப்ப இருட்டிப்போச்சு. வாத்தியார் வந்ததும் இலையை எடுத்து அளந்து பாப்பாருன்னு தெரியும். அதனால பொய்க் கணக்கு எழுத முடியல. லாந்தரை வெச்சுக்கிட்டு ஓடி ஓடிப் பறிச்சு, உண்மையாவே அளந்து எழுதினீங்க. ஓடிச் செஞ்சா ஒரு மணி நேர வேலை. வண்டி வந்துருமேன்னு காது பூராவும் வாசல்ல இருந்திருக்கும். எலை மூடியிருக்கிறதை எங்க பாக்கிறது?"

கந்தப்பன் கருவியை மேஜையில் வைத்தான். சங்ககிரி ரயில் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போனதாகவும், நகையை வாங்கிக்கொள்ள வந்த மச்சானின் ரயில் தாமதமாகிவிட்டதாகவும், இல்லாவிட்டால் நாலு மணிக்கே திரும்பியிருப்பேன் என்றும் சொன்னான். கடைசியாகச் சொன்னதை ஏதோ நியாயம் கேட்பது போலச் சொன்னான். அட்டிகை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மச்சான் வீட்டில் இருந்தது. இன்னும் உருக்கவில்லை. அன்றே கான்ஸ்டபிள் ஒருவர் சேலத்துக்கு ரயிலேறினார். நிச்சயத்துக்கு நகை வந்து சேர்ந்துவிட்டது.

தங்கசாமி நீளமாக மூச்சு விட்டார். சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அத்தாயியின் பக்கம் திரும்பி, சரி, ஊட்டுக்குப் போ, நாளைக்கு வேலைக்கு வந்துரு என்றார்.

அத்தாயி போகவில்லை.

"அதான் நீ எடுக்கலைன்னு ஆயிப்போச்சே. இன்னும் என்ன?" என்றார் தங்கசாமி.

"இங்க இருக்கறவங்களுக்குத்தானுங்க பண்ணாடி ஆயிப்போச்சு," என்றாள் அத்தாயி. குரல் உயரவில்லை. "எங்க வளவுல வெச்சுத் திருடின்னு சொன்னீங்க. அங்கயே வந்து இல்லேன்னும் சொல்லுங்க."

அப்படி ஒரு பேச்சை அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. தங்கசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதவிக்குச் சென்னியப்பனைப் பார்த்தார். அவர் சைக்கிளின் டயரை அமுக்கிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியப்பனைப் பார்த்தார். அவர் புளியங்கொத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மனைவியைப் பார்த்தார். செல்லாயி லாந்தரின் திரியைத் தூண்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

தங்கசாமி தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு அவள் பின்னால் போனார். அத்தாயி அவருக்குப் பின்னால் நடந்தாள்.

வளவில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் வருவதைப் பார்த்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். காலையில் தெரு முனையோடு நின்றவர் இப்போது தெரு நடுவுக்கே வந்துவிட்டதைப் பார்த்துக் குழந்தைகள் தாய்மாரின் பின்னால் ஒளிந்தன. அத்தாயி தன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

தங்கசாமி தரையைப் பார்த்தபடி, "அத்தாயி எடுக்கலை. நான் சொன்னது தப்பு," என்றார்.

"கடேசி ஊட்டுக்காரங்களுக்குக் கேக்கலீங்க பண்ணாடி," என்றாள் அத்தாயி.

தங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். தலையை நிமிர்த்தி, கடைசி வீடு வரை கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.